ஒரு சிட்டிகையும் ஒரு புடமும்

(கேமரன் மலை, தானா ராத்தாவில் தோட்டத் தமிழர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசையின்மேல் ஒரு ஸ்பிரிட் விளக்கையும், நீண்ட காம்புடைய ஓர் இரும்புக் கரண்டியையும், ஒரு புட்டியில் வெள்ளைப் பொடியையும் வைத்திருக்கிறேன். பார்வைக்குக் குழந்தைக்குப் பூசும் பவுடரைப் போன்றிருக்கும் இந்தப் பொடியில் கொஞ்சம் கரண்டியில் இட்டு, விளக்கின் சுடர்மேல் பிடிக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் பார்த்து, என்ன நிறம் என்று சொல்லுங்கள். ஆம், மஞ்சள், எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள். நான் இதில் எதையும் சேர்க்கவில்லை, புகையும் எழவில்லை, பொடி உருகவுமில்லை. கரண்டியை இந்தச் செங்கல்லின்மேல் வைத்துவிடுகிறேன். அது ஆறட்டும், நாம் பேசுவோம்.

இந்தப் பொடியின் பெயர் துத்தநாக ஆக்சைடு. பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் உங்களுக்கு அந்நியமன்று. நாம் பிறந்து வளர்ந்த லயங்களின் கூரைத் தகரம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியிருப்பது துத்தநாகம்; புதுத் தகரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இந்த மலையின் ஈரத்தில் கிடத்திவிட்டால் அவற்றின்மேல் வெள்ளைத் திட்டுகள் படர்வதைக் கூரை வேய்கிறவர்கள் அறிவார்கள்; அந்த வெள்ளை இந்த ஆக்சைடும் இதன் சுற்றத்தாருமே. சமவெளியில் பால்மரம் வெட்டிய நம் உறவினர்கள் சேர்த்துக் கொடுத்த ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்து டயராக்கும்போது, 100 பங்கு ரப்பருக்கு 5 பங்கு அளவில் இதைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம்; உலகத்தில் உற்பத்தியாகும் துத்தநாக ஆக்சைடில் பாதிக்குமேல் ரப்பர்த் தொழிலுக்கே போகிறது. நம்முடைய சித்த வைத்தியர்கள் துத்தநாகத்தை நாகம் என்றழைத்து, அதை உருக்கி, மூலிகைச் சாறு விட்டு அரைத்து, புடமிட்டு, நாகபற்பமாக்கி மூல நோய்க்குக் கொடுத்து வந்தார்கள். அந்தப் பற்பத்தை இன்றைய கருவிகளில் வைத்துப் பார்த்தால் தென்படுவதும் பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடே.

புடம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன். இன்றைய பேச்சின் பாதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. காடைப் புடத்துக்கு ஒரு வரட்டி, வராகப் புடத்துக்கு 50 வரட்டி என்று எண்ணி அடுக்கிய அந்த மனிதர்களிடம் உஷ்ணமானி கிடையாது. ஆயினும் நெருப்பு என்பது ஒன்றல்ல, நெருப்பின் அளவும் அது நிற்கும் நேரமும் மாறினால் விளையும் வஸ்துவின் சுபாவமே மாறும் என்பதை அவர்கள் திட்டமாக அறிந்திருந்தார்கள். பௌதிக சாஸ்திரத்தார் இன்று பதனாற்றுதல் என்று சொல்லும் காரியமும் இந்தப் புடமும் முற்றிலும் ஒன்றென்று நான் சாதிக்க வரவில்லை. புடத்தில் உலோகம் பற்பமாகிறது. பதனாற்றுதலில் ஏற்கெனவே உருவான பொருள் தன் உள்ளமைப்பைச் சீர்செய்துகொள்கிறது. எனினும் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவு மிக நெருங்கியது.

இனிப் பொடிக்குள் நுழைவோம். துத்தநாக அணு ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு பிராணவாயு அணுக்கள், பிராணவாயு அணு ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு துத்தநாக அணுக்கள் என்று, அறுகோண ஒழுங்கில் கட்டிய படிகம் இது. இந்தப் படிகத்தில் ஓர் எலக்ட்ரான் தன் பிணைப்பிலிருந்து விடுபட்டு ஓட வேண்டுமானால் ஏறத்தாழ 3.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கு அவ்வளவு வலிமை இல்லையாதலால் அது தடையின்றி ஊடுருவிப் போகிறது. புற ஊதாக் கதிருக்கு அந்த வலிமை உண்டாதலால் அது உறிஞ்சப்படுகிறது. வெயிலில் நிற்பவர்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் களிம்பில் இது இடம்பெறுவதற்குக் காரணம் இதுவே. அப்படியானால் இது கண்ணாடியைப்போல் தெளிந்திருக்க வேண்டாமோ என்று யாரேனும் கேட்கலாம். மெல்லிய படலமாக விரித்தால் தெளிந்துதான் இருக்கிறது. கற்கண்டு தெளிந்திருக்க, பொடித்த சர்க்கரை வெளுத்திருப்பதுபோல, பொடியானபோது ஒளி சிதறி வெண்மையாகத் தோன்றுகிறது. சூடு ஏறும்போது அந்த 3.3 என்னும் வாசற்படி சற்றே தாழ்கிறது. ஊதா நிற ஒளியும் படிகத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. எஞ்சி வருவது மஞ்சள். சற்றுமுன் கரண்டியில் கண்டது அதைத்தான்.

கலப்பில்லாத துத்தநாக ஆக்சைடு மின்சாரத்தை அரைமனதோடு கடத்தும். அந்த அரைமனது எங்கிருந்து வந்தது என்பதே நீண்ட காலம் வழக்காக இருந்தது. படிகத்தில் பிராணவாயு அணு குறைந்த இடங்களே காரணம் என்று பல தலைமுறை மாணவர்கள் பாடம் படித்தார்கள். 2000ஆம் ஆண்டில் கிறிஸ் வான் டி வால் என்னும் அறிஞர் கணக்கிட்டு, யாரும் அழைக்காமலே உள்ளே புகுந்துவிடும் ஹைட்ரஜன் அங்கே எலக்ட்ரானை ஈவதாக இருக்கலாம் என்று காட்டியபோது, நாம் தூய்மை என்று நம்பியிருந்த பொருளிலேயே மாசு இருந்து வேலைசெய்து வந்திருக்கலாம் என்பது புலனாயிற்று.

அந்த மாசை நாமே அறிந்து, அளந்து, வேண்டிய மட்டும் சேர்ப்பதற்குத்தான் மாசூட்டுதல் என்று பெயர். இந்தச் சொல் எனக்கு உவப்பாக இல்லை. சாம்பாருக்குப் போடும் பெருங்காயத்தை மாசென்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். ஆனால் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல்லாதலால் நானும் வழங்குகிறேன். 100 துத்தநாக அணுக்களில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அலுமினிய அணுவை உட்கார வைப்பதாகக் கொள்ளுங்கள். துத்தநாகம் தன் அயலாருக்கு இரண்டு எலக்ட்ரான்களைத் தருவது; அலுமினியமோ மூன்று தருவது. அங்கே தேவைப்படுவது இரண்டே ஆகையால் மூன்றாவது எலக்ட்ரான் உரிமையாளரின்றிப் படிகமெங்கும் உலவுகிறது. இப்படி ஓரிரண்டு பங்கு அலுமினியம் பெற்ற மெல்லிய படலம், ஊடே பார்த்தால் எதிரே இருப்பவரின் முகம் தெரியும்படி தெளிந்தும், உலோகத்துக்கு இளையவன் என்று சொல்லும்படி மின்சாரத்தைக் கடத்தியும் நிற்கிறது. தெளிவும் கடத்தலும் ஒரே வஸ்துவில் கூடுவது அபூர்வம். தொடுதிரைகளில் அந்த வேலைக்கு நாம் நம்பியிருக்கும் இண்டியம் பூமியில் அரிதாகக் கிடைப்பது. துத்தநாகமும் அலுமினியமும் தாராளமாகக் கிடைப்பவை. மெல்லிய படலச் சூரிய மின்கலங்கள் சிலவற்றில் வெயில் நுழையும் சாளரமாக இந்த அலுமினியம் ஏறிய துத்தநாக ஆக்சைடே அமைந்திருக்கிறது.

இரண்டு பங்கில் இவ்வளவு பலன் என்றால் பத்துப் பங்கு போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். படிகத்துக்குக் கொள்ளளவு உண்டு. அளவு மீறினால் இடம் கிடைக்காத அலுமினியம் தனியே திரண்டு, மின்சாரம் கடத்தாத வேறொரு சேர்மமாகி, ஓடுகிற எலக்ட்ரானின் வழியில் கல்லும் முள்ளுமாகக் கிடக்கிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். சேர்ப்பது வேறு, சேர்ந்தது தன் இடத்தில் அமர்வது வேறு. துத்தநாக உப்பையும் அலுமினிய உப்பையும் கரைத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் பரப்பி உலர்த்தியவுடன் அலுமினிய அணுக்கள் படலத்துக்குள் வந்துவிட்டன என்பது மெய்யே. ஆனால் அவை திருவிழாக் கூட்டத்தில் வந்திறங்கிய ஜனங்களைப்போல, சந்துகளிலும் ஓரங்களிலும் நிற்கின்றன. வேலைசெய்யும் ஆசனத்தில் அமரவில்லை. திடப்பொருளுக்குள் அணு நகர்வது எளிதன்று. 400, 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் சிறிது காலம் வைத்தால், அணுக்கள் நடுங்கி, துள்ளி, தத்தம் இடத்தைத் தேடி அமர்கின்றன. பொடிப்பொடியான சிறு படிகப் பரல்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிய பரல்களாகின்றன. படலத்தில் இறுகிக் கிடந்த விறைப்பு தளர்கிறது. இதுதான் பதனாற்றுதல். மாசூட்டுதலை ஓர் அத்தியாயத்திலும் பதனாற்றுதலை வேறோர் அத்தியாயத்திலும் வைத்துப் போதிக்கும் முறையை நான் ஒப்புவதில்லை. சிட்டிகையும் புடமும் பிரியாத ஜோடி. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேசினால் இரண்டும் விளங்கா.

என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் காய்ச்சும் அறையில் வேலைபார்த்தவர். உலர்த்தும் யந்திரத்தின் வாயிலிருந்து சூடாக வந்து விழும் தூளை ஒரு கைப்பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே வைத்து அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "இன்னும் ஒரு மூச்சு வேணும்" என்பார். ஒரு மூச்சு குறைந்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மூச்சு கூடினால் கருகல் வாசம் ஏறும். கொழுந்து அதே கொழுந்துதான். அதை வாட்டிய காற்றும், உருட்டிய விதமும், புளிக்கவிட்ட நேரமும், காய்ச்சிய அனலும் சேர்ந்தே அதைத் தேயிலையாக்கின என்பதை அவர் எனக்கு வாயால் போதித்ததில்லை. அந்த உள்ளங்கைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

காற்றைச் சொன்னேன் அல்லவா? அது பதனாற்றுதலிலும் பெரும் விசேஷம். சூடு ஒன்றே போதாது. எந்தக் காற்றில் சூடு காட்டுகிறோம் என்பதும் பிரமாணம். அலுமினியம் ஏறிய அதே படலத்தைத் திறந்த காற்றில் கடுமையாகச் சுட்டால், பிராணவாயு பரல்களின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு உலவும் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ள, அரும்பாடுபட்டுப் பெற்ற கடத்தல் குறைந்துவிடுகிறது. வெற்றிடத்திலோ ஹைட்ரஜன் கலந்த வாயுவிலோ சுட்டால் கடத்தல் கூடுகிறது. எந்த மாசும் ஊட்டாமல், பிராணவாயு குறைந்த சூழலில் சுட்டு, துத்தநாகம் சற்றே மிகுந்த நிலையில் நிறுத்திய பொடி, எலக்ட்ரான் வந்து மோதினால் நீலங்கலந்த பச்சை ஒளி வீசும். பழைய ஒலிநாடாப் பெட்டிகளிலும் கணக்கிடும் கருவிகளிலும் இருட்டில் குளிர்ச்சியாக ஒளிர்ந்த எண்கள் அந்தப் பொடியின் ஒளியே. இதோ, கரண்டியைப் பாருங்கள்: பொடி மறுபடி வெளுத்துவிட்டது. சூடு தணிந்ததும் அந்த வாசற்படி பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது; காற்றில் சுட்டுக் காற்றிலேயே ஆறவிட்டதால், சூட்டில் சிறிதளவு இழந்த பிராணவாயுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தன் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இவ்வளவும் ஆய்வுக்கூடத்துச் சமாசாரம், இந்த மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்த மண்டபத்தின் விளக்குகளே சம்பந்தம்.

1885இல் வில்லியம் கேமரன் அளந்து போன இந்த மலையில், 1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, காட்டை அழித்துக் கன்று நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். பின்னர் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்து, 1963இல் இந்த மலைத் தண்ணீர் மின்சாரமாயிற்று. மின்கம்பி மலை முகட்டின்மேல் போகிறது. நம் நாடோ இடியின் வீடு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி முழங்குகிறது. இங்கேயும் பிற்பகல் மழை இடியில்லாமல் வருவது குறைவு. நான் சிறுவனாக இருந்த நாளில் ஒரு மாலை, அருகே இடி விழுந்து, லயத்தின் விளக்குகள் ஒரு கணம் வெள்ளையாய்ப் பூத்து, பட்டென்று அவிந்தன. என் அம்மா அடுப்பு வெளிச்சத்தில் எங்களுக்குச் சோறு போட்டது நினைவிருக்கிறது. கம்பியில் இறங்கும் அந்த மின்னலை, மின்மாற்றியையும் வீடுகளையும் தாக்காமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்காகக் கம்பத்தின்மேல் ஒரு காவலன் நிற்கிறான். மின்மாற்றிக்கு அருகே, வளையம் வளையமாக மடிப்புள்ள ஒரு குட்டைத் தடியைப் பார்த்திருப்பீர்கள். இடிதாங்கி என்று பொதுவாகச் சொல்கிறோம். அதன் வயிற்றில் அடுக்கியிருப்பவை துத்தநாக ஆக்சைடு வில்லைகள்.

அந்தக் காவலனிடம் நாம் வேண்டுவது விசித்திரமான குணம். சாதாரண நாளில் அவன் கம்பியையும் மண்ணையும் இணைத்து நின்றுகொண்டே மின்சாரத்தை ஒழுகவிடக்கூடாது. இடி விழுந்த கணத்தில் வெள்ளத்துக்கு மதகு திறந்ததுபோலத் திறக்க வேண்டும். வெள்ளம் வடிந்ததும் தானே மூடிக்கொள்ள வேண்டும். ஜப்பானில் மட்சுஷிதா நிறுவனத்தின் ஆய்வாளர் மிச்சியோ மட்சுவோக்கா 1971இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் குணம் துத்தநாக ஆக்சைடில் எப்படிக் கூடியது என்பது விளக்கமாக வந்தது. அவருடைய கலவையைச் சமையல் குறிப்பைப்போலவே சொல்லிவிடலாம்: 97 பங்கு துத்தநாக ஆக்சைடு, பிஸ்மத், கோபால்ட், மாங்கனீசு, குரோமியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் ஒவ்வொன்றும் அரைப் பங்கு, ஆன்டிமனி ஆக்சைடு ஒரு பங்கு. இதை அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, 1,300 டிகிரியை ஒட்டிய சூளையில் சுட வேண்டும்.

அலுமினியத்தின் கதையும் பிஸ்மத்தின் கதையும் இங்கேதான் பிரிகின்றன. துத்தநாக அயனியின் ஆரம் 0.6 ஆங்ஸ்ட்ராம், அலுமினியத்தினுடையது 0.39, ஆகவே அதற்கு வீட்டுக்குள் இடம் உண்டு. பிஸ்மத்தோ 1 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேற்பட்ட பருத்த சரீரி. வாசல் அதற்குப் போதாது. சூளையில் 817 டிகிரியில் பிஸ்மத் ஆக்சைடு உருகி, பரல்களுக்கு இடையே திரவமாக ஓடி, சூளை ஆறும்போது பரல்களின் எல்லைகளிலேயே உறைந்துவிடுகிறது. சுங்கை பாலாஸ் மேட்டில் நின்று கீழே நோக்கியவர்களுக்கு இந்தக் காட்சியை நான் வருணிக்கவே வேண்டியதில்லை. தேயிலைச் செடிகள் மேசை மேசையாகப் பச்சை போர்த்திக் கிடக்க, அவற்றுக்கிடையே கொழுந்தெடுப்பவர் நடந்து நடந்து தேய்ந்த நிரைகள் கருங்கோடுகளாக ஓடுகின்றன அல்லவா? நன்றாகத் தேய்த்து மெருகிட்ட வில்லையை உருப்பெருக்கியில் வைத்தால் தெரிவதும் அதே காட்சி: பரல்கள் செடிகளாக, பிஸ்மத் தங்கிய எல்லைகள் நிரைகளாக. முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்குச் சொந்த ஊரை ஆகாயத்திலிருந்து பார்த்ததுபோல் இருந்தது.

செடிகளுக்குள் மின்சாரம் எளிதாக ஓடும், நிரைகளில்தான் தடை. இப்படிப்பட்ட எல்லை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோல்ட் வரை தாங்கும். அதைத் தாண்டினால் கதவு திறக்கும். பரல் ஒன்று 10 மைக்ரான் அகலம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் 100 எல்லைகள், 300 வோல்ட். மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள வில்லையடுக்கு 9,000 வோல்ட் வரை அசையாமல் நிற்கும். அந்த வரம்புக்கு மேலே மின்னழுத்தம் கால் பங்கு உயர்வதற்குள், ஓடும் மின்சாரம் பல ஆயிரம் மடங்கு பெருகிவிடுகிறது. இடி இறங்கிய கணத்தில் மதகு திறப்பது இப்படித்தான்.

இதிலும் இரண்டாவது புடம் ஒன்று உண்டு. சுட்டு எடுத்த வில்லை முதல் நாள் அருமையாக வேலைசெய்யும். ஆனால் இரவும் பகலும் மின்னழுத்தம் தாங்கி நின்றால் நாளடைவில் ஒழுக்கு ஏறும், ஒழுக்கினால் சூடு, சூட்டினால் மேலும் ஒழுக்கு என்று கடைசியில் வெடித்தும்விடும். சூளையில் சுட்டபோது தன் ஆசனம் விட்டு இடுக்குகளில் மாட்டிக்கொண்ட துத்தநாக அயனிகள் எல்லையை நோக்கி மெல்ல ஊர்ந்து, அங்கே நிற்கும் தடுப்பைக் கரைப்பதே காரணம். அதே வில்லையை மறுபடி 600, 700 டிகிரியில் காற்றில் வைத்து ஆற்றினால், அந்த அயனிகள் முன்கூட்டியே வெளியேறிவிடுகின்றன; வில்லை பல்லாண்டு நிலைக்கிறது. முதல் புடம் குணத்தைக் கொடுக்கிறது, இரண்டாம் புடம் ஆயுளைக் கொடுக்கிறது. மலேசியாவின் பல்கலைக்கழகங்களில், பினாங்கிலும் செர்டாங்கிலும், இந்த வில்லைகளின் கலவையையும் சூட்டையும் மாற்றி மாற்றிப் பரிசோதிக்கும் ஆராய்ச்சி நடந்து வருகிறது. நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

தேயிலைக்கே நேரடியாக வரும் உபயோகம் ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூடான துத்தநாக ஆக்சைடுப் படலத்தின்மேல் பிராணவாயு ஒட்டி எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். சாராய ஆவியோ வேறு வாசனை வாயுவோ வந்தால் அந்தப் பிராணவாயுவை எரித்து எலக்ட்ரானை விடுவிக்க, படலத்தின் மின்தடை சட்டென்று குறைகிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் செய்யாமா என்பவர் 1962இல் இதைக் கொண்டே வாயுவை மோப்பம் பிடித்தார். தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் மாசூட்டிய துத்தநாக ஆக்சைடுப் படலங்களைக் கொண்டு இப்படிப்பட்ட உணரிகள் பல ஆராயப்பட்டிருக்கின்றன. கல்கத்தாவில் சி-டாக் நிறுவனத்தார் இதன் சகோதரனாகிய வெள்ளீய ஆக்சைடு உணரிகளை அடுக்கி, புளிக்கும் கொழுந்தின் வாசனையை முகர்ந்து பக்குவம் சொல்லும் மின்மூக்கு ஒன்றை உருவாக்கித் தேயிலைத் தொழிற்சாலைகளில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். என் தகப்பனாரின் மூக்குக்கு அது ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்றே சொல்வேன். ஆனால் அந்த மூக்குகள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கின்றன.

இன்னும் தீராத காரியம் ஒன்று உண்டு. இதுவரை சொன்ன மாசுகள் எல்லாம் எலக்ட்ரானைக் கூட்டுபவை, அல்லது எல்லையில் நிற்பவை. எலக்ட்ரானைக் குறைத்து, அதன் வெற்றிடமே மின்சாரத்தைச் சுமக்கும்படி செய்தால், இந்த மலிவான பொடியிலிருந்தே புற ஊதா ஒளி தரும் விளக்குகள் செய்யலாம். நைட்ரஜனையும் மற்றவற்றையும் ஊட்டிப் பார்த்து, வெற்றி என்று பலர் அறிவித்தார்கள்; சில வாரங்களிலோ மாதங்களிலோ படலம் தன் பழைய சுபாவத்துக்கே திரும்பிவிட்டது. எந்தச் சிட்டிகை, எந்தப் புடம், எந்தக் காற்று என்ற மூன்றும் அதில் இன்னும் ஒருசேரக் கூடிவரவில்லை.

கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். துணியில் சுற்றி வைத்திருக்கும் இந்தச் சாம்பல் நிற வில்லை, வேலைசெய்து ஓய்ந்த ஓர் இடிதாங்கியிலிருந்து எடுத்தது. விளிம்பில் ஓர் ஊசிமுனை அளவு கருந்தழும்பு இருக்கிறது, மின்னல் கடந்துபோன இடம். கையில் வாங்கிப் பாருங்கள்; அளவுக்கு மீறிய கனமாக இருக்கும். கரண்டியை மட்டும் இன்னும் சற்று நேரம் தொடவேண்டாம். பொடி வெளுத்துவிட்டது, இரும்பு இன்னும் ஆறவில்லை.